பூட்டு திறக்கப் பழகும் தம்பி தங்கைகளுக்கு

கல்லாறு,
திருவனந்தபுரம் மாவட்டம்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சென்னையிலும் கோவையிலும் திருவனந்தபுரத்திலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேசை விளக்கைப் போட்டு, சொந்தக் காசில் வாங்கிய பூட்டைச் சாவியில்லாமல் திறந்து பார்க்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். வீட்டில் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "திருடப் போறியா?" என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்வியில் பாதி சிரிப்பு, பாதி பயம். நான் அதைக் கேட்கப் போவதில்லை. பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரமும் வைஸும் பழகிய கைக்கு உங்கள் ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். உங்கள் பக்கம் நின்றுதான் பேசுகிறேன். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் குறை சொல்லவும் உரிமை உண்டு என்று நம்புகிறேன். குறையைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்கவும் போகிறேன்.

முதலில் உங்கள் ஆசை. இப்போது உங்களில் பலருக்குக் கையால் செய்த பிக் மேல்தான், சாவித் துவாரத்தில் விட்டுப் பூட்டைத் திறக்கிற அந்தக் கம்பி மேல்தான், கண். கடல் தாண்டி யாரோ ஒருவர் தன் வீட்டுப் பட்டறையில் ராவி, வளைத்து, மெருகேற்றி, மரப்பிடி போட்டு, தோல் உறையில் வைத்து விற்கிற செட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். ஆலையில் அச்சடித்தது போல வெட்டி எடுத்த செட் அதில் கால் விலைக்குக் கிடைக்கும். இருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம். இதை வெறும் பகட்டு என்று சொல்லுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

காரணம் பூட்டின் உள்ளே இருக்கிறது. நம் வீட்டுக் கதவுகளில் இன்று இருக்கும் பூட்டுகளில் பல, அமெரிக்காவில் லைனஸ் யேல் 1860-களில் காப்புரிமை வாங்கிய 'பின்' பூட்டின் வாரிசுகள். உருளைக்குள் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள். அவற்றை அழுத்தியபடி ஒரு ஸ்பிரிங். சரியான சாவி எல்லா ஜோடிகளின் சந்திப்பையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால் உருளை சுழலும். ஆனால் எந்த ஆலையும் துளைகளை அணுவும் பிசகாத நேர்கோட்டில் போட்டதில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ விலகத்தான் செய்யும். அந்த விலகலால், உருளையை லேசாகத் திருகிப் பிடிக்கும்போது ஏதோ ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைக் கண்டுபிடித்து உயர்த்தினால் உருளை மயிரிழை அளவு அசையும், அடுத்த பின் இறுகும். கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தில் நடப்பதெல்லாம் ஓர் எஃகுத் துண்டின் வழியாகத்தான் உங்கள் விரலுக்கு வந்து சேர வேண்டும். துண்டின் கனம், நுனியின் வளைவு, விளிம்பின் வழவழப்பு, பிடியின் எடை என்று எல்லாமே அந்தச் சேதியைக் கூட்டும் அல்லது குறைக்கும். உங்கள் விரலுக்கு அளவாக எந்த ஆலையும் பிக் செய்து தராது. ஆகவே கைவேலைப் பிக் மேல் உங்களுக்குள்ள ஆசை நியாயமானது.

குறை அதற்கு அடுத்த படியில் வருகிறது. கைவேலையின் அருமை தெரிந்த நீங்கள், அதை வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். செய்ய மாட்டேன் என்கிறீர்கள்.

செய்வதற்கு என்ன வேண்டும்? உடைந்த ஆக்சா பிளேடு ஒன்று. அதன் கனம் அரை மில்லிமீட்டரை விடச் சற்றே அதிகம். அநேகச் சாவித் துவாரங்களுக்கு அது போதும். காரின் பழைய வைப்பர் பிளேடுக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய எஃகுப் பட்டை, உருளையைத் திருகிப் பிடிக்கும் கம்பிக்கு அளவெடுத்தது போல உதவும். சைக்கிளின் போக்ஸ் கம்பி, குடைக்கம்பி எல்லாம் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கிறவை. மேலைநாட்டுப் பிரியர்கள் தெரு பெருக்கும் வண்டியின் தூரிகையிலிருந்து உதிர்ந்த எஃகுக் குச்சிகளைச் சாலையோரம் பொறுக்கிக்கொண்டு போய் முதல் பிக் செய்தவர்கள்தான். தோல் உறைக்கு விலை கொடுக்கிற உங்களுக்கு அந்த வரலாறு மறந்துபோகக் கூடாது.

பிளேடின் பல்லைச் சாணையில் எடுங்கள். நிறத்தின் மேல் கண் இருக்கட்டும்: எஃகு வெளிர் மஞ்சளாகி, பழுப்பாகி, நீலம் ஏறி, அதையும் தாண்டிவிட்டால் விறைப்பு போய்விட்டது என்று பொருள்; அந்தத் துண்டு பூட்டுக்குள் வளைந்து நிற்கும், திரும்ப நிமிராது. ஒவ்வொரு முறை தொட்டவுடனும் தண்ணீரில் முக்க வேண்டும். பிறகு அரம். நுனி வளைவுக்கு ஊசி அரம். கடைசியில் உப்புத்தாள்: நானூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும் வரை, ஒரு தாளின் கீறல் அடுத்த தாளில் மறையும்வரை தேய்க்க வேண்டும். சொரசொரப்பான விளிம்பு பின்னில் சிக்கி இழுக்கும். பின் சொல்லுகிற சேதி அந்த இழுப்பில் அமுங்கிப் போகும். பிடிக்குத் தென்னை வைரம் இருக்கிறது, தேக்குத் துண்டு இருக்கிறது, தெற்குச் சீமையில் கைவேலைக்காரர்கள் காலங்காலமாக இழைத்துவரும் சிரட்டை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதல் துண்டு விகாரமாகத்தான் வரும். ஆனால் அதைச் செய்து முடித்தவர், நுனி ஏன் இந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதை வாங்கினவரை விட நன்றாகவே அறிந்திருப்பார்.

உங்கள் பொழுதுபோக்கின் மூலக்கதையே இதைத்தான் சொல்கிறது. லண்டனில் பிக்கடில்லி தெருவிலிருந்த பிராமா கம்பெனி 1790-லிருந்து தன் கடைச் சன்னலில் ஒரு பூட்டையும் ஒரு பலகையையும் வைத்திருந்தது. இந்தப் பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்துகாட்டும் கலைஞருக்கு 200 கினி பரிசு என்பது பலகையின் சாரம். பரிசு கருவியைச் செய்கிறவருக்குத்தான். அறுபது ஆண்டுகளாக அதை யாரும் வெல்லவில்லை. 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், பிறர் கை வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று பெயர் பெற்ற சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமா பூட்டுக்கு வந்தார். அதற்கென்றே கருவிகளைச் செய்து, 16 நாட்களில் பரவலாக 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். அந்தப் பூட்டு இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹாப்ஸ் கருவியைக் கடையில் வாங்கியிருக்க முடியாது. அது அதற்கு முன் உலகத்தில் இல்லை. பூட்டைப் புரிந்துகொண்ட அளவுக்குக் கருவி உருவாயிற்று. கருவி உருவாக உருவாகப் பூட்டு மேலும் புரிந்தது. நீங்கள் வாங்கி வைத்துக்கொள்கிற செட்டில் அந்தப் பாதி அனுபவத்தை வேறொருவர் அனுபவித்து முடித்துவிட்டார்.

இரண்டாவது குறை இன்னும் அருகில் இருப்பது. நீங்கள் ஆசைப்பட்டு வாங்குகிற அந்தச் செட், நம் ஊர்ப் பூட்டைத் திறக்காது.

திண்டுக்கல் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சங்கரலிங்கம் ஆசாரி சகோதரர்கள் தொடங்கிவைத்த தொழில் என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. 1957-ல் பூட்டுத் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, சதுரப் பூட்டு, இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு என்று குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு நுட்பம் வைத்திருந்தார்கள். இவற்றின் உள்ளே இருப்பது பின் அல்ல, லிவர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உயரத்தில் ஒரு வெட்டு. சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான், தாழின் மேல் நிற்கும் கட்டை எல்லா வெட்டுகளுக்குள்ளும் ஒருசேர நுழையும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது.

பின் பூட்டுக்கென்று செய்த பிக் இங்கே பயன்படாது. தாழை அழுத்திப் பிடிக்க ஒரு கம்பி, தகடுகளைத் தனித்தனியே தடவிப் பார்த்துத் தூக்க இன்னொரு கம்பி, இரண்டும் ஒரே துவாரத்தில் ஒன்றையொன்று தடுக்காமல் நுழைய வேண்டும். திண்டுக்கல் பூட்டுகள் கையால் செய்யப்படுவதால் ஒரு பட்டறையின் துவாரம் போல இன்னொரு பட்டறையின் துவாரம் இருக்காது. ஆகவே அந்தக் கம்பியை எந்த நாட்டுக் கம்பெனியும் செய்து விற்க முடியாது. பூட்டுக்குப் பூட்டு நீங்கள்தான் செய்தாக வேண்டும். கைவேலைப் பிக் என்பது மேலைநாட்டில் ஒரு ருசி; திண்டுக்கல் பூட்டின் முன்னால் அது கட்டாயம். உலகத்தில் உங்களைப் போன்ற பிரியர்கள் ஏங்குகிற சவால், உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. நீங்களோ அஞ்சலில் வரப்போகிற செக் நாட்டுப் பூட்டுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த ஊரின் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். அலிகரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டு வந்து குவிகிறது. விலை குறைவு, எடையும் குறைவு. கையால் ஒரு பூட்டை ராவி முடிக்கிற கூலி, அந்த விலையோடு போட்டி போட முடியாது. பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும், கையைக் காப்பாற்றாது. கை பழக ஆள் வேண்டும்.

மூன்றாவது குறை எனக்கு எல்லாவற்றிலும் கனமானது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் தெருமுனையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெரிய வளையத்தில் நூற்றுக்கணக்கான பழைய சாவிகள் கோத்துத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு சின்ன வைஸ், இரண்டு அரம், ஒரு டப்பா நிறையக் கம்பிகள். அந்தக் கம்பிகளை அவர் எங்கும் வாங்கவில்லை. போக்ஸ் கம்பியையும் ரம்பத் துண்டையும் தானே ராவிச் செய்தவை. ஒவ்வொன்றும் எந்தப் பூட்டுக்கு என்று அவர் கைக்குத் தெரியும். பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு நீங்கள் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே திறந்துவிடுகிறார். அவர் கேட்கிற கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறோம். "ரெண்டு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்கிறோம். அந்த இரண்டு நிமிடத்தை அடைய நீங்கள் இரண்டு வருஷமாகப் பழகுகிறீர்கள் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வருவதில்லை.

அதே கம்பி உங்கள் கையில் இருந்தால் விளையாட்டு, கலை, கைவினை. அவர் கையில் இருந்தால் கள்ளச்சாவிக் கம்பி. தெருவில் ஒரு வீட்டில் பூட்டு திறந்து கிடந்தால், முதலில் ஊர் வாயில் விழுகிற பெயர் அவருடையது. உங்களை யாரும் தேடி வரப் போவதில்லை. உங்களிடம் படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது.

இந்தப் பாகுபாடு நேற்று முளைத்ததில்லை. 1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1911-ல் திருத்தி எழுதியபோது அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. பிறந்த சாதியை வைத்தே மனிதர்களைப் பதிவேட்டில் எழுதி, ராத்திரியில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வைத்த சட்டம் அது. நாடு முழுவதும் அது நீங்கியது 1952-ல்தான். சட்டம் போய்விட்டது, ஏழையின் கையில் நுட்பமான கருவியைக் கண்டால் சந்தேகப்படுகிற கண் போகவில்லை. நீங்கள் நல்லவர்கள். ஆனால் உங்கள் பொழுதுபோக்குக்கு மரியாதை தேடும்போது, "நாங்கள் அந்த மாதிரி ஆட்கள் இல்லை" என்று சொல்லித்தான் தேடுகிறீர்கள். அந்த மாதிரி ஆட்கள் யார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களானால், தெருமுனையில் வைஸ் வைத்து உட்கார்ந்திருக்கிறவர் முகம் தெரியும்.

அந்தக் கண்ணுக்கு மாறாக, எளியவரின் அறிவை மதித்த கதையும் உண்டு. நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கல்லாறு, பொன்முடி மலைக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிறது. இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் லட்சுமிக்குட்டி அம்மா. காட்டுக்குள் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பில் வாழ்கிறவர். நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருப்பவர். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. காட்டில் இருக்கிற அறிவுக்கும் கணக்கு உண்டு என்று நாடு ஒப்புக்கொண்ட நாள் அது.

அவருக்கு முன்பே, இதே காணிக்காரர்கள் விஷயத்தில் நடந்த இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும். 1987-ல் புஷ்பாங்கதன் என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும் அகத்தியர் மலைக்கு ஏறினார்கள். நகரத்திலிருந்து வந்தவர்கள் மூச்சு வாங்க, வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பாலோடு தாவரவியல் தோட்ட நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. பணத்தை வாங்க 1997-ல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. எல்லாக் காணிக்காரரையும் கேட்டுச் செய்தார்களா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. ஆனாலும் அறிவைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்ற வழக்கத்தை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய முதல் சில முயற்சிகளில் அது ஒன்று.

ஒரு செடியின் குணத்தைச் சொன்னவருக்குப் பங்கு உண்டென்றால், ஒரு கம்பியின் வளைவைச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஏன் இல்லை? தெருவில் சாவி போடுகிறவரிடம் ஒரு நுட்பத்தைப் பார்த்துக் கற்று, அதைப் படம் எடுத்து உங்கள் கண்டுபிடிப்பு போலக் காட்டுவது நியாயமில்லை. அவர் பெயரைச் சொல்ல அவர் சம்மதித்தால் சொல்லுங்கள். அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். குருதட்சிணை என்று பெயர் வைத்து வெற்றிலை பாக்கோடு முடித்துவிடாதீர்கள். அவருக்கு அன்றைக்குப் போகிற வியாபாரத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

இனி உங்களைக் குறை சொல்லுகிறவர்களுக்குப் பதில். "இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் திருடனுக்கு வசதி ஆகாதா?" என்று கேட்பார்கள். ஹாப்ஸ் காலத்திலேயே லண்டன் பத்திரிகைகளில் இதே கேள்வி எழுந்தது. 1853-ல் சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்த பூட்டு பற்றிய நூல், ஹாப்ஸ் பக்கத்து வாதத்தைத் தெளிவாக வைத்தது: திருடர்களுக்கு இது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டை நம்பி வாங்குகிற யோக்கியர்களுக்குத்தான், குறையை வெளியே சொன்னால்தான் பூட்டுக்காரன் திருத்துவான். நம் ஊரில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. வீடு புகுகிறவன் உப்புத்தாளில் கம்பி தேய்த்துக்கொண்டிருக்க மாட்டான். கடப்பாறையால் கொண்டியைப் பெயர்த்துவிட்டுப் போவான். பொறுமையும் திருட்டும் ஒரே கையில் தங்குவது அபூர்வம்.

ஆனால் இந்தப் பதில் உங்கள் வாயில் நிற்க வேண்டுமென்றால், ஒழுங்கு ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஜெர்மனியில் 1997-ல் ஹம்பர்க் நகரத்தில் பூட்டு திறக்கும் பிரியர்கள் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் 'டூல்' என்ற பெயரில் சங்கங்கள் இருக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான விதிகள் இரண்டு. உன்னுடைய பூட்டையோ, உரியவர் அனுமதி கொடுத்த பூட்டையோ மட்டும் திற. உன்னுடையதே ஆனாலும், உபயோகத்தில் இருக்கிற பூட்டில் கை வைக்காதே.

அனுமதி திறமைக்கு முன்னால் வர வேண்டும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2011-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயில் அறைகளைத் திறந்தார்கள். 'பி' என்று பெயரிட்டிருந்த அறையில் கம்பிக்கதவு திறந்தது, அதன் பின்னிருந்த மரக்கதவும் திறந்தது. மூன்றாவதாக இருந்த இரும்புக்கதவு இறுகிக்கொண்டது. பூட்டு வேலை தெரிந்தவரை வரவழைக்க முடிவு செய்தார்கள். அவர் வருவதற்குள் அரச குடும்பத்தார் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டார்கள். அந்த அறை 1990-லிருந்து பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது என்று, பிறகு கோயில் கணக்கைத் தணிக்கை செய்த வினோத் ராயின் அறிக்கை சொன்னது. 2020 ஜூலையில் வந்த தீர்ப்பு, திறப்பதா வேண்டாமா என்பதைக் கோயில் நிர்வாகக் குழுக்களிடம் விட்டது. நாகம் காக்கிறது, மந்திரம் காக்கிறது என்று ஊரெல்லாம் கதை சொன்னாலும், நடந்தது என்னவோ எளிமையானது. திறக்கும் உரிமை யாருக்கு என்று முடிவாகாத வரையில் எவ்வளவு பெரிய கைகாரரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விடுமுறையில் நீங்கள் இந்தப் பக்கம் வருகிறீர்கள். விதுரா தாண்டி போணக்காடு எஸ்டேட்டில் பேய் பங்களா என்று ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் பலர். கைவிட்ட கட்டடங்களில் துருப்பிடித்துத் தொங்குகிற பூட்டைக் கண்டால் உங்கள் விரல் துறுதுறுக்கும். தொடாதீர்கள். கைவிட்டதற்கும் உடைமைக்காரர் உண்டு. அந்த மலைகளில் தேயிலை பறித்த தமிழ்க் குடும்பங்கள் சில, தோட்டம் நின்றுபோய்க் கூலி வராத பிறகும் லயத்து வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் வெளியூர் வேலைக்குப் போனார்கள். அந்தப் பூட்டுக்குள் இருப்பது நாலு பாத்திரமாக இருக்கலாம். அது அவர்களுடையது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனாலும் அப்படித்தான். 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படம் மலையாள வீடுகளின் வேலைப்பாடு மிக்க பழைய தாழ்களுக்கு ஒரு மாயக் கவர்ச்சியைக் கொடுத்துவிட்டது. கண்ணால் பாருங்கள், தாளில் வரைந்துகொள்ளுங்கள், கையைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் வேண்டுகோள்.

முதலாவது, உங்கள் பையில் இருக்கும் பிக்குகளில் ஒன்றாவது உங்கள் கையால் செய்ததாக இருக்கட்டும். அது அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் செய்த கொக்கி ஒரு பின்னைச் சரியாக உயர்த்தினால் போதும்; பிறகு இன்னொருவர் செய்த கருவியின் விலையை நீங்கள் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, நாலைந்து பேராகச் சேருங்கள். சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். விதிகள் இரண்டையும் தமிழில் எழுதி மாட்டுங்கள். கூடுகிற இடத்தை உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தெரியப்படுத்துங்கள். வெளிப்படையாக நடக்கிறவருக்குத்தான் தெருமுனைக்காரருக்காகவும் வாய் திறந்து பேச முடியும். அவருக்குத் தொல்லை வரும் நாளில் உங்கள் சங்கம் போய் நிற்க வேண்டும்.

மூன்றாவது, இந்த மடலை எழுதவைத்ததே இதுதான். திண்டுக்கல்லுக்குப் போங்கள். இன்னும் கையால் லிவர் பூட்டு செய்கிற பட்டறை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். தயங்காமல் உள்ளே போய், "ஐயா, நாங்க பூட்டு திறக்கப் பழகுறோம், உங்க பூட்டை எங்களால திறக்க முடியல, கத்துக்க வந்திருக்கோம்" என்று சொல்லுங்கள். தன் பூட்டு தோற்கடித்த ஆட்களைப் பார்த்து எந்த ஆசாரியும் கோபிக்க மாட்டார். அவர் சொல்லுகிற விலைக்கு, பேரம் பேசாமல், பூட்டு வாங்குங்கள். உள்ளே தெரியும்படி ஒரு பக்கம் திறந்த பழகு பூட்டு செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். மேலைநாட்டில் உங்கள் கூட்டத்தார் அப்படிப்பட்ட பூட்டுக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள், அந்த விலை திண்டுக்கல்லுக்கும் வரட்டும். தகடுகளை அளந்து வரையுங்கள். எந்த அரம், எந்த வெட்டு, எதற்காக என்று அவர் வாயால் சொல்லக் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். வெளியே போகக் கூடாது என்று அவர் சொல்லுகிற நுட்பத்தை வெளியே விடாதீர்கள். எழுதியதில் ஒரு படி அவரிடமே இருக்கட்டும். வி. ரகுநாதன் போன்றவர்கள் பழைய பூட்டுகளைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் பூட்டை அலமாரியில் வைத்துக் காப்பாற்றலாம், செய்கிற கையை அப்படி வைக்க முடியாது. அது இன்னொரு கைக்குப் போனால்தான் உண்டு.

அரசு செய்யும், கூட்டுறவுச் சங்கம் செய்யும் என்று காத்திருக்காதீர்கள். பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ராத்திரித் தூக்கத்தை விடுகிறவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? அந்த ஆசாரிக்கு இத்தனை நாளாக வாய்க்காத மாணவர்கள் நீங்கள்தான். உங்களுக்கு இத்தனை நாளாகக் கிடைக்காத ஆசிரியர் அவர்தான். நடுவில் இருப்பது ஒரு பஸ் டிக்கெட்டும் கொஞ்சம் கூச்சமும்.

அடுத்த வெளிநாட்டுச் செட்டுக்கென்று எடுத்துவைத்திருக்கும் பணத்தை இந்த முறை திண்டுக்கல் பட்டறையில் செலவழியுங்கள். அவர் கை ஓய்வதற்குள் போய்ச் சேருங்கள்.

அன்புடன்,
கல்லாற்றிலிருந்து
உங்கள் பழைய பிட்டர்